உறுமல் இல்லாத நாட்கள்

என் தங்கை வீட்டுக் கூடத்தில், கடிகாரத்துக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. அதில் பச்சை மையில் 'உறுமல் இல்லாத நாட்கள்' என்று எழுதி, கீழே ஓர் எண். மாட்டிய வாரத்தில் நான் பார்த்தபோது எண் ஆறு. மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு வந்து பழைய எண்ணைத் துடைத்துப் புது எண் எழுதுவார். எழுதிவிட்டு இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்ப்பார். சொந்தமாக வீடு கட்டியவன்கூட வீட்டை அப்படிப் பார்க்க மாட்டான்.

அவர் எங்கள் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. நான் அதே தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். தொழிற்சாலை வாசலிலும் அவர் வைத்த பலகை ஒன்று உண்டு, ஆள் உயரத்தில்: 'விபத்து இல்லாத நாட்கள்'. அதற்கு விளக்குப் போட்டுக் கொடுத்தது நான். வீட்டுப் பலகை அந்தப் பலகை போட்ட குட்டி.

நிஜக் குட்டி, ஒரு நாய்க்குட்டி, வந்தபோது அதற்கு இரண்டு மாதம். பழுப்பு நிறம், நடந்தால் தரையைக் கூட்டும் காது, வயிறு முதலில் வந்து மற்றதெல்லாம் பின்னால் வருவது போல ஒரு நடை. தங்கை மகளுக்கு ஏழு வயது. பார்த்த உடனே "உருண்டை" என்றாள். மாப்பிள்ளை அதை ஏற்கவில்லை. நகராட்சி நாய் உரிமப் படிவத்தில் 'சாம்ராட்' என்று எழுதினார். உரிமத்தை என் தங்கை பெயரில் எடுத்தார். குளிப்பாட்டுவது, வெளியே கூட்டிப் போவது, அள்ளிப் போடுவது எல்லாம் அவள்தான் என்பதால் பொறுப்பும் அவளுக்கே இருக்கட்டும் என்றார். பட்டம் சூட்டும் வேலையை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டார்.

குட்டி, குட்டிகள் செய்வதைச் செய்தது. கூடத்து நடுவில் ஒன்றுக்குப் போனது. மாப்பிள்ளை அதன் பிடரியைப் பிடித்து, மூக்கை ஈரத்தில் தேய்த்து, "இது என்ன? இது என்ன?" என்று கேட்டார். அது என்னவென்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான்கு நாள் தேய்த்ததில் நாய் பாடம் கற்றுக்கொண்டது. வீட்டுக்குள் போகக் கூடாது என்ற பாடமில்லை. இந்த ஆள் கண் முன்னால் போகக் கூடாது என்ற பாடம். அதன் பிறகு சோபாவுக்குப் பின்னால் போனது. திரைச்சீலைக்கு அடியில் போனது. ஒருநாள் அவருடைய ஆபீஸ் ஷூவுக்குள்ளேயே போனது. வெளியே கூட்டிப் போனாலும், கயிறு அவர் கையில் இருந்தால் அடக்கிக்கொண்டு வந்து, வீட்டில் கட்டிலுக்கு அடியில் முடித்தது.

"மூஞ்சியைப் பாருங்க மச்சான்" என்றார் என்னிடம். "தப்பு பண்ணிட்டோம்னு அதுக்கே தெரியுது. குத்த உணர்ச்சி."

காதைப் பின்னால் ஒட்டி, வாலைக் காலுக்கு நடுவே சொருகி, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு முகம். அந்த முகம் எனக்குப் பழக்கம். அவர் தொழிற்சாலையைச் சுற்றிவரும்போது ஒரு தப்பும் செய்யாதவனுக்கும் முகம் அப்படித்தான் போகும். ஒருநாள் அவர் குளியலறையில் இருந்தபோது நானே அரை டம்ளர் தண்ணீரைக் கூடத்தில் கொட்டிவிட்டு உட்கார்ந்தேன். அவர் வந்தார். ஈரத்தைப் பார்த்தார். "இது என்ன?" என்றார். நாய் தரையோடு தரையாக ஒட்டியது.

"பார்த்தீங்களா, குத்த உணர்ச்சி!"

"கொட்டினது நான் மாப்பிள்ளை."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். என் மூக்கைத் தேய்க்கலாமா என்று யோசித்தாரோ என்னவோ. பிறகு, "அப்ப அது முன்னாடி செஞ்சதையெல்லாம் நினைச்சு வருத்தப்படுது" என்று சொல்லிவிட்டுத் தலை துவட்டப் போனார்.

இதற்குப் பிறகுதான் கமாண்டர் வந்தார். எந்தப் படையிலும் இருந்தவர் இல்லை. முன்பு வீடு வீடாகத் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்றவர், இப்போது நாய்ப் பயிற்சியாளர். பதினோரு பாக்கெட் வைத்த பேன்ட், கழுத்தில் விசில், வீட்டுக்குள்ளும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. சோபாவில் கால்களை அகட்டி உட்கார்ந்து, "நாய் கூட்டமா வாழ்ற மிருகம் சார்" என்று தொடங்கினார். "கூட்டம்னா ஒரு தலைவன் வேணும். இந்த வீட்டுல யாரு தலைவன்?"

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

சமையலறையிலிருந்து என் தங்கையின் குரல் வந்தது: "பால் தீர்ந்துபோச்சு. தலைவன் யாருன்னு முடிவானதும் போய் வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

கமாண்டரின் சட்டப்படி தலைவன்தான் முதலில் சாப்பிட வேண்டும். ஆகவே நாய்க்குத் தட்டு வைக்கும் முன் மாப்பிள்ளை அதன் எதிரே நின்று ஒரு பிஸ்கட்டைக் கடித்து, நிதானமாக மென்று, விழுங்கிக் காட்டுவார். நாய் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். தலைவன்தான் முதலில் வாசலைத் தாண்ட வேண்டும் என்பது அடுத்த சட்டம். இவரும் நாயும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றதில் என் தங்கை மளிகைப் பையோடு பத்து நிமிடம் படியில் நின்றிருக்கிறாள்.

இதுவரை சிரிக்கலாம். நானும் சிரித்தேன். ஆபீஸில் போய்ச் சொல்லி நாலு பேரையும் சிரிக்க வைத்தேன்.

நாய்க்கு எட்டு மாதம் ஆனபோது தலையை உதறத் தொடங்கியது. பின்னங்காலால் வலது காதைச் சொறிந்துகொண்டே இருந்தது. ஒருநாள் மாப்பிள்ளை கழுத்துப் பட்டையை மாட்டும்போது அவர் விரல் அந்தக் காதில் பட்டது. உருண்டை உறுமியது. பெரிய சத்தமில்லை. சுமை கூடிய மோட்டார் முனகுவது போல, பல் தெரியாமல், அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம்.

கமாண்டருக்குப் போன் போனது. அரை மணி நேரத்தில் பதினோரு பாக்கெட்டும் வந்து நின்றன.

"அது சவால் சார். இன்னைக்கு உறுமுறான். நாளைக்கு உங்க கட்டில்ல ஏறிப் படுப்பான். முளையிலேயே நசுக்கணும்."

நசுக்குவது எப்படி என்றும் செய்து காட்டினார். நாயை மல்லாக்கத் தள்ளி, மார்பில் முட்டியை வைத்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்குள் முறைக்க வேண்டும். அது உடம்பைத் தளர விடும்வரை எடுக்கக் கூடாது. அதற்குச் சரணாகதி என்று பெயராம். முதல் நாள் சரணாகதியில் உருண்டை படுத்த இடத்திலேயே நனைத்துக்கொண்டது. தங்கை மகள் அழுதுகொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"காதுல ஏதோ இருக்குங்க" என்றாள் தங்கை. "டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

"கமாண்டர் சொன்னாரே, கேட்கலையா? அது நம்ம கவனத்தை இழுக்கற தந்திரம். இப்ப டாக்டர்கிட்ட ஓடினா அது ஜெயிச்ச மாதிரி."

அதன் பிறகு உறுமும்போதெல்லாம் முட்டி. எட்டோ ஒன்பதோ சரணாகதிக்குப் பிறகு உறுமல் நின்றது. அன்று சாயங்காலம் பலகை மாட்டப்பட்டது. ஆணி அடித்தது நான்தான். தங்கை வீட்டில் ஆணி அடிக்க வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?

அடுத்தடுத்து நான் போனபோதெல்லாம் நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. ஆனால் தலைப்பக்கம் கை போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒன்றும் தின்னாதபோதும் உதட்டை ஒருமுறை நக்கிக்கொண்டது. என் கையில் பிஸ்கட் வாசனை அடிக்கிறது என்று நினைத்தேன். முப்பது வருடம் எச்சரிக்கை விளக்குகளோடு வேலை பார்த்தவன் நான்.

நாற்பத்தொன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலைப் பொது மேலாளரும் அவர் மனைவியும், பிரிவுத் தலைவர்கள் இரண்டு பேரும் மாப்பிள்ளை வீட்டுக்கு டீ குடிக்க வந்திருந்தார்கள். டீ ஒரு சாக்கு. 'இல்லப் பாதுகாப்பு' என்ற பெயரில் எல்லா ஊழியர் வீட்டிலும் இப்படி ஒரு பலகை மாட்டும் திட்டம் மாப்பிள்ளையிடம் இருந்தது. அதை ஆண்டுக் கூட்டத்தில் சேர்க்க வேண்டும். கமாண்டரும் விசிலோடு வந்து கதவுப் பக்கம் நின்றார்.

"நாற்பத்தொரு நாள் சார்" என்று மாப்பிள்ளை பலகையைக் காட்டினார். "ஒரு சத்தம் கிடையாது. பாருங்க."

நாயின் தட்டில் கையை விட்டார். உருண்டை தின்பதை நிறுத்தியது. தட்டை இழுத்தார். அது முகத்தைத் திருப்பியது. இடது காதைப் பிடித்து ஆட்டினார். அது உதட்டை நக்கியது. உடம்பு மரக்கட்டை போல விறைத்தது. கண்ணின் வெள்ளை ஒரு ஓரமாகப் பிறை போலத் தெரிந்தது.

"போதும் மாப்பிள்ளை" என்றேன்.

"மச்சானுக்கு நாய்னாலே பயம்" என்று அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் வலது காதைப் பிடித்துத் திருகினார்.

யார் காதிலும் ஒரு சத்தமும் விழவில்லை. அவர் மணிக்கட்டில் பல் இறங்கியிருந்தது. அடுத்த நொடியே விட்டுவிட்டு நாய் சோபாவுக்கு அடியில் போய்விட்டது. டீக் கோப்பை ஒன்று விழுந்து உடைந்தது. மேலாளரின் மனைவி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறினார். கமாண்டரைத் தேடினேன். அவர் கூடத்தில் இல்லை, வராந்தாவிலும் இல்லை, கேட்டுக்கு வெளியே வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். தலைவன்தான் முதலில் வாசலைத் தாண்ட வேண்டும் என்ற சட்டத்தை அன்று அவர் அப்பழுக்கில்லாமல் கடைப்பிடித்தார்.

"சொல்லாம கொள்ளாம கடிச்சிடுச்சு!" மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "ஒரு முன்னறிவிப்பு இல்ல! நம்பிக்கைத் துரோகி!"

நான்கு தையல், இரண்டு ஊசி. கட்டுப்போட்டுத் திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம் நகராட்சி நாய்ப் பிரிவுக்குப் போன் செய்தது. கடித்த நாயை அதன் உரிமையாளரே கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தால் மறுநாள் அதற்கு ஊசி. நிரந்தர ஊசி. வண்டி காலை பதினொரு மணிக்கு வரும் என்றார்கள்.

மகளிடம், "உருண்டையை ஒரு பெரிய தோட்டத்துக்கு அனுப்பறோம். அங்க நிறைய நாய் இருக்கும், விளையாடும்" என்றார். நாயை அவர் உருண்டை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவள் நோட்டும் பென்சிலும் எடுத்து வந்தாள். "தோட்டத்து அட்ரஸ் சொல்லுங்கப்பா. நான் லெட்டர் போடறேன்."

அவர் கைக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். தங்கை என்னைப் பார்த்தாள். "அண்ணா, நாளைக்கு லீவு போடு" என்றாள்.

மறுநாள் எட்டரை மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் நாயோடு கால்நடை மருத்துவமனையில் இருந்தோம். டாக்டரம்மா கையுறை மாட்டும்போதே மூக்கைச் சுளித்தார்.

"இந்த நாத்தம் எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா தலையை உதறுது, டாக்டர்" என்றாள் தங்கை. "காதைச் சொறியும்."

டாக்டர் முதலில் வாய்க்கூடு போட்டார். கொஞ்சம் மயக்கம் கொடுத்தார். பிறகு காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, இடுக்கியை விட்டு இழுத்தார். உலர்ந்த புல் கதிர் ஒன்று வந்தது, என் சுண்டுவிரல் நகம் அளவு. அதன் பின்னாலேயே சீழ். தட்டில் வழிந்த சீழைப் பார்த்துத் தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு வலியில உறுமியிருக்குமே?" என்றார் டாக்டர்.

நான் தங்கையைப் பார்த்தேன்.

"உறுமலையா?"

"உறுமிச்சு" என்றாள் தங்கை. "நிறுத்திட்டோம்."

எப்படி நிறுத்தினோம் என்று சொன்னாள். முட்டியை, தொண்டையை, பலகையை, ஒன்றையும் மறைக்காமல். டாக்டர் இடுக்கியைத் தட்டில் போட்ட சத்தத்தில் அடுத்த அறையில் ஒரு பூனை கத்தியது.

"படிச்சவங்கதானே நீங்க? நாய் எடுத்த எடுப்புல கடிக்காதும்மா. முதல்ல முகத்தைத் திருப்பும். உதட்டை நக்கும். விறைச்சு நிக்கும். அதெல்லாம் நமக்குப் புரியாதுன்னுதான் உறுமும். அதுவும் பலிக்கலேன்னாதான் பல்லு. உறுமினா உதை கிடைக்கும்னு சொல்லிக் குடுத்துட்டீங்க. அப்புறம் அது என்ன பண்ணும்? உங்களுக்கு மனு எழுதுமா?"

அப்போதுதான் எனக்கு அந்தப் பிஸ்கட் வாசனை நினைவுக்கு வந்தது.

டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்: காதில் கடும் தொற்று, தாங்க முடியாத வலி, அதனால் கடித்தது, குணமாகும். சொட்டு மருந்தை எப்படி விடுவது என்று காட்டினார். தூரத்திலிருந்தே பாட்டிலைக் காட்டி ஒரு துண்டு இறைச்சி, கிட்டே கொண்டுபோய் இன்னொரு துண்டு, அது தானாகத் தலையைக் கொடுத்த பிறகுதான் சொட்டு. "முகத்தைத் திருப்பினா நிறுத்திடுங்க. ஒரு நிமிஷம் பொறுத்துத் திரும்பக் கேளுங்க. அதுக்கிட்ட கேட்கறதுக்கு வெட்கப்படாதீங்க."

பத்தே முக்காலுக்கு வீடு திரும்பினோம். மாப்பிள்ளை சட்டையெல்லாம் மாட்டித் தயாராக இருந்தார். சீட்டைப் படித்தார். நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"காது வலின்னா காதைப் பிடிச்சவனைக் கடிக்கறதா? எனக்கும்தான் பல்லு வலி வந்திருக்கு. நான் பல் டாக்டரைக் கடிச்சேனா?"

வண்டி வந்தது. இறங்கிய ஆளுக்கு ஐம்பது வயதிருக்கும். சாம்பல் நிறச் சட்டை, முன்கையெல்லாம் பழைய தழும்பு. கம்பும் சுருக்கும் வண்டியிலேயே இருந்தன. கூடத்துக்குள் வந்து, நாயைப் பார்க்காமல், அதற்குப் பக்கவாட்டாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளை நாற்காலியைக் காட்டினார். வேண்டாம் என்று கையசைத்தார். மயக்கம் தெளியாத உருண்டை தள்ளாடி வந்து அவர் செருப்பை முகர்ந்தது. அவர் அசையவில்லை.

"எத்தனை பேரைக் கடிச்சிருக்கு?"

"என்னைத்தான்" என்றார் மாப்பிள்ளை.

"பிடிச்சுத் தொங்கிச்சா, விட்டுடுச்சா?"

"உடனே விட்டுடுச்சு" என்றேன் நான்.

"முன்னாடி உறுமிச்சா?"

"உறுமவே உறுமாது. நாற்பத்தொரு நாளா ஒரு சத்தம் இல்ல." தையல் போட்ட கையாலேயே பலகையைக் காட்டினார். குரலில் இன்னும் பெருமை இருந்தது.

அந்த ஆள் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். "சார், எங்க கூண்டுல உறுமுற நாய் இருந்தா நான் தைரியமா உள்ள போவேன். எங்க நிக்கணும், எங்க நிக்கக் கூடாதுன்னு அதுவே சொல்லிடும். சத்தமே போடாத ஒண்ணு இருந்தா, அன்னைக்கு ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு கையுறை."

"உங்ககிட்ட பாடம் கேட்கக் கூப்பிடல. படிவத்தைக் குடுங்க."

கொடுத்தார். மாப்பிள்ளை பேனாவைத் திறந்து, காரணம் என்ற இடத்தில் கட்டுப்போட்ட கையால் கிறுக்கலாக எழுதினார். கையெழுத்துப் போடப் போகும்போது அந்த ஆள் கேட்டார்: "லைசென்ஸ் யாரு பேர்ல?"

பேனா நின்றது.

"அவ பேர்ல. அதெல்லாம் ஒண்ணுதான்."

"எங்களுக்கு ஒண்ணு இல்லைங்க. அவங்கதான் போடணும்."

தங்கை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மாப்பிள்ளை பேனாவை நீட்டினார். "போடு."

அவள் படிவத்தை வாங்கி உரக்கப் படித்தாள். "'எந்த முன்னறிவிப்பும் இன்றிக் கடித்தது.' இதுக்குக் கீழயா நான் கையெழுத்துப் போடணும்?"

"உண்மையைத்தானே எழுதியிருக்கேன்?"

"ரெண்டு மாசம் சொல்லிச்சுங்க!" என்றாள். அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "வலிக்குது, தொடாதேன்னு ரெண்டு மாசமா தினம் சொல்லிச்சு. சொல்லச் சொல்ல மேல ஏறி உட்கார்ந்து அமுக்கினீங்க. அது வாயை மூடினதும் ஆணி அடிச்சுப் பலகை மாட்டினீங்க. நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டு உங்களுக்குக் காபி ஆத்திக் குடுத்தேன். இப்ப அது சொல்லவே இல்லைன்னு எழுதி, அதுக்குக் கீழ என் கையெழுத்தும் வேணுமா?"

"அப்ப என்ன பண்ணணும்கற? இந்த வீட்டுல நான் இருக்கறதா, அது இருக்கறதா?"

"ரெண்டு பேரும்தான் இருக்கப் போறீங்க. ஒருத்தரை ஒருத்தர் கேட்காம தொடக் கூடாது. அவ்வளவுதான்." படிவத்தைக் கிழிக்கவில்லை. மடித்து அந்த ஆளின் மடியில் வைத்தாள். "நீங்க போய்ட்டு வாங்க. டீ சாப்பிடறீங்களா?"

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "மச்சான், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. பாதுகாப்புன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். போன வருடம் எங்கள் பெயின்ட் ஷெட்டில் சைரன் வாரத்துக்கு மூன்று தடவை அடித்தது. காற்றில் தின்னர் ஆவி கூடினால் அடிப்பதற்காக வைத்தது. ஒவ்வொரு முறை அடித்தாலும் விதிப்படி வாசல் பலகையில் சைபர் போட வேண்டும். மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டு, ஆவியை அளக்கும் கருவியில் கோளாறு, புதியது வரும்வரை சைரன் கம்பியைக் கழற்றி வை என்றார். கழற்றினேன். பலகை முந்நூறைத் தாண்டியது. கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள், தின்றேன். புதுக் கருவி வரவே இல்லை. கம்பியைத் திரும்ப மாட்ட அனுமதி கேட்டு மூன்று சீட்டு எழுதினேன். மூன்றும் அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில், அவர் வாங்கிய கேடயத்தின் போட்டோவுக்குப் பக்கத்தில், பத்திரமாக இருந்தன.

"கம்பியைக் கழற்றினவன் நான் மாப்பிள்ளை" என்றேன். "எடுத்துச் சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. ஆனா இந்த நாய் வண்டியில ஏறினா, நானும் கூடவே ஏறிப் போய், நகராட்சி ஆபீஸ் வாசல்லயே உட்கார்ந்துக்குவேன்."

அவருக்கு முதல் வரி மட்டும் புரிந்தது. முகம் வெளுத்தது. அந்த ஆள் டீயைக் குடித்து முடித்து, படிவத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வெறும் வண்டியோடு போனார். போகும்போது என் தங்கையிடம், "சத்தம் திரும்ப வரும்மா. வந்தா திட்டாதீங்க" என்றார்.

தங்கை பலகையைத் துடைத்தாள். அதில், 'காலை நான்கு சொட்டு, மாலை நான்கு சொட்டு' என்று எழுதினாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் உருண்டை பாயில் படுத்து எலும்பு கடித்துக்கொண்டிருந்தது. நானும் இருந்தேன். மாப்பிள்ளை பாயோரம் கிடந்த ரிமோட்டை எடுக்கக் கையை நீட்டினார். நாய் முகத்தைத் திருப்பியது. அவர் கை மேலும் போனது. அப்போது கேட்டது, அடித்தொண்டையிலிருந்து, மோட்டார் முனகுவது போல.

அவர் கை ரிமோட்டின் மேல் நின்றது.

"கையை எடுங்க" என்றாள் தங்கை.

எடுத்தார்.

"கேட்டுச்சுடா" என்று அவள் நாயிடம் சொன்னாள். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

இங்கே முடித்துவிடலாம். ஆனால் மாப்பிள்ளை முடிக்கவில்லை. அடுத்த மாத ஆண்டுக் கூட்டத்தில் அவர் பேசினார். தலைப்பு, 'உறுமலைக் கேட்போம்'. திரையில் உருண்டையின் போட்டோ, பத்தடி அகலத்தில். பிராணியின் வலியைத் தான் உள்ளுணர்வால் கண்டுபிடித்த கதையைச் சொன்னார். புல் கதிரைத் தன் கையாலேயே எடுத்ததாகச் சொல்லவில்லை, ஆனால் கேட்டவர்கள் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். மணிக்கட்டுத் தழும்பைத் தூக்கிக் காட்டி, "இது எனக்குக் கிடைத்த பாடம்" என்றார். கை தட்டினார்கள். முன்வரிசையில் கமாண்டர் உட்கார்ந்திருந்தார். விசில் இல்லை. புது அட்டை அடித்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்: 'அன்பு வழிப் பயிற்சி'. இரண்டு பேர் முட்டியும் அந்த நாயின் மார்பில் இருந்ததை நான் பார்த்தவன்.

"யாருக்காவது சந்தேகம் இருந்தா தயங்காம கேளுங்க" என்றார் மாப்பிள்ளை. "சின்ன முணுமுணுப்பையும் கேட்கணும், அதுதான் தலைமை."

எழுந்து நின்றேன்.

"சந்தேகம் இல்லைங்க, தகவல். பெயின்ட் ஷெட்டு சைரன் கம்பியை இன்னைக்குக் காலைல திரும்ப மாட்டிட்டேன். உங்க உத்தரவுல நான் கழற்றின கம்பி. இனிமே அது அடிக்கும். அடிச்சா வாசல் பலகையில சைபர் போடணும். போடுவீங்களா?"

பொது மேலாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். பின்வரிசையில் பெயின்ட் ஷெட்டு ஆட்கள் பதினாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக அவர்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு மேடையைப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை உதட்டை ஒருமுறை நக்கிக்கொண்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இப்போது தெரியும். தெரிந்தும் நான் உட்காரவில்லை.